மதிலுக்கும் சுவருக்கும் நடுவே: நிழல் பாத்தியில் செடி பிடிக்காதபோது

குமரி மாவட்டத்துக் குழித்துறை தொடங்கி மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி பாறசாலை வரைக்கும் பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரி ஒரு இடம் இருக்கும். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டு அடி, மிஞ்சினால் மூன்று அடி. மேலே சன்ஷேடு. பக்கத்து விளையிலிருந்து (தோப்பிலிருந்து) ஒரு பலாவோ ரப்பரோ கிளையை நீட்டிக்கொண்டு நிற்கும். சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் எனக்கு வரும் புகார்களில் பாதி இந்த இடத்தைப் பற்றியவை. செடி வாங்கிப் போனவர் மூன்று மாதத்தில் திரும்பி வருவார், அதே இடத்துக்கு இன்னொரு செடி கேட்பார்.

அவர்களிடம் நான் உடனே செடியின் பேரைச் சொல்வதில்லை. இந்த ஒடுங்கிய பாத்தியில் செடியைக் கெடுப்பது பெரும்பாலும் சுவரும் கூரையும்தான். அதைப் பார்க்காமல் செடியை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அதே வழியில் போகும். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எந்த அறிகுறி ஆனாலும் முதலில் இந்த இரண்டு

கை நிழல். காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என மூன்று வேளை, மண்ணிலிருந்து ஒரு அடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாக நிழலில் தெரிந்தால் அந்த வேளையில் அங்கே வெயில் இருக்கிறது. கை என்பது தெரிந்து விளிம்பு மங்கியிருந்தால் நடுத்தர நிழல். மூன்று வேளையும் ஒன்றுமே விழவில்லை என்றால் அது அடர் நிழல். ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

திசை. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 8 டிகிரியில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறப்பது முதல் ஆவணி பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. மார்கழியில் நாள் முழுக்க வீட்டு நிழலில் குளிர்ந்து கிடக்கும் வடபுறப் பாத்தி, சித்திரையில் உச்சி வெயிலை நேராக வாங்கும். தென்புறப் பாத்தி இதற்கு நேர் எதிர். கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவை நண்பகலை ஒட்டி ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் வெயில் பார்க்கும். நீங்கள் கை நிழல் பார்த்த மாதத்தையும் தாளில் எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தண்டு நீண்டு மெலிகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போவதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

மதிலின் உட்புறத்தைப் பாருங்கள். பாசி படிந்து கறுத்த மதில் வெளிச்சத்தைக் குடித்துவிடும். பாசியைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தால் பாத்திக்கு வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். செடிக்கு உரம் வாங்கும் காசில் இதைச் செய்யச் சொல்வேன். சுண்ணாம்பு அடிக்கும்போது பாத்தியின் மேல் தார்ப்பாய் விரித்துவிடுங்கள். சொட்டிய சுண்ணாம்பு பின்னால் வேறு தொல்லை தரும், அதை நான்காவது அறிகுறியில் சொல்கிறேன்.

அடுத்தது மேலே இருக்கும் கிளை. பலா, மா என்றால் பாத்திக்கு நேர் மேலே உள்ள ஒன்றிரண்டு கிளையைக் கழித்தாலே போதும். ரப்பர் என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: மார்கழி கடைசி முதல் மாசி வரை அது இலை உதிர்த்து நிற்கும். அந்த நாளில் பாத்தி பளிச்சென்று இருக்கும். அதை நம்பி வெயில் செடி வாங்கி வைத்தால், துளிர் வந்து மூடிய இரண்டாம் மாதமே செடி நீள ஆரம்பிக்கும். மின்கம்பியை ஒட்டிய கிளையில் நீங்களும் கை வைக்க வேண்டாம், மரம் ஏறுபவரையும் ஏற்ற வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும்.

இரண்டும் செய்தாயிற்று, இன்னும் நீள்கிறதா? அப்போதுதான் செடியை மாற்ற வேண்டும். மூன்று வேளையும் கை நிழல் விழாத இடத்தில் சிங்கோனியம், மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஜீஜீ பிளான்ட், பெரணி இவை நிற்கும். அக்லோனிமாவில் கரும்பச்சை இலை உள்ளதை எடுங்கள். சிவப்பும் ரோஸும் கலந்த வகை அடர் நிழலில் நிறம் மங்கிவிடும். குரோட்டன்ஸும் அப்படித்தான். நண்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் வெயில் வருகிற இடம் என்றால் கனகாம்பரம், காந்தாரி மிளகாய், புதர் மிளகு, தவசிக்கீரை, கச்சோலம் எல்லாம் வைக்கலாம். தவசிக்கீரையைச் சமைத்து, அளவோடு சாப்பிடுங்கள். பச்சையாக அரைத்துத் தினமும் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனது 1990-களில் தைவானில் பதிவாகியிருக்கிறது.

சிங்கோனியம், மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஜீஜீ பிளான்ட், அக்லோனிமா, கலேடியம், டிஃபன்பேக்கியா இவற்றின் சாறு வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த இடத்தில் பெரணியோ ஸ்பைடர் பிளான்டோ வையுங்கள்.

மழை கொட்டுகிறது, செடி வாடுகிறது

இதை யாரும் முதலில் நம்புவதில்லை. மூன்று ஆண்டுக்கு முன் ஒரு ஆடி மாதம், ஞாறான்விளைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பத்து நாளாக விடாத மழை. முற்றத்தில் தண்ணீர் கட்டி நிற்கிறது. சுவரோரம் வைத்த ஆறு தெச்சிச் (இட்லிப்பூ) செடியும் இலை சுருண்டு தொங்குகின்றன. "இவ்வளவு மழை பெய்யுது, வேர் அழுகிப் போச்சு தம்பி. மருந்து ஏதும் இருந்தா தாங்க" என்றார் அந்த அக்கா. நான் செடியின் அடியைக் குனிந்து பார்த்தேன். சுவரை ஒட்டிப் பொடி மண்ணில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், புனலை அழுத்தி எடுத்தது போல. எறும்பு பிடிக்கும் குழியானைப் பூச்சியின் குழிகள். ஒரு குழியில் எறும்பு ஒன்று வழுக்கி விழ, அடியிலிருந்து மண் தெறித்தது.

"அக்கா, குழியானை நனைஞ்ச மண்ணுல குழி பறிக்காது. இந்த இடத்துல மழை விழுந்தே பல மாசம் ஆகியிருக்கும்."

விரலை விட்டுப் பார்த்தால் முழு விரலும் காய்ந்த மண். சன்ஷேடு இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கிறது, செடி சுவரிலிருந்து ஒரு அடியில் இருக்கிறது. மழை அதைத் தாண்டித்தான் விழுந்துகொண்டிருந்தது. மழைக்காலம் ஆயிற்றே என்று வீட்டுக்காரர் வைகாசிக் கடைசியிலேயே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தார்.

செய்ய வேண்டியது: மழை பெய்யும்போது நனைந்த மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பாருங்கள். செடி அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஆனாலும் துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) ஆனாலும் வாரம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். இடம் இருந்தால் செடியைக் கோட்டுக்கு வெளியே நகர்த்துங்கள். சரியாகக் கோட்டின் மேலும் வைக்கக் கூடாது, சன்ஷேடிலிருந்து விழும் தாரை இலையைக் கிழித்து மண்ணைக் குழிக்கும். தென்னந்தும்பையோ (தேங்காய் நார்) காய்ந்த இலையையோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் ஊற்றிய தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீடா? அப்படியானால் கோட்டுக்கு உள்ளே மருள் (ஸ்நேக் பிளான்ட்), ஜீஜீ பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட் இவை போதும். மருள் ஒடுங்கிய இடத்துக்கென்றே பிறந்தது போல நேராக மேலே போகும், நடைவழியை மறைக்காது.

விரலை விடும்போது மண் ஈரமாக இருந்து செடி வாடியிருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

கீழ் இலைகள் மஞ்சளாகின்றன, அடித்தண்டு கொழகொழக்கிறது

வேர் அழுகல். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் இழுத்தால் தோல் உருவி வந்து உள்ளே நூல் மட்டும் நிற்கும், நாற்றமும் வரும்.

தண்ணீர் அதிகமா? நிழலில் மண் காய மூன்று நான்கு நாள் ஆகும். முற்றத்துச் செடிக்கு ஊற்றும் கணக்கில் இதற்கும் தினமும் ஊற்றினால் இதுதான் நடக்கும். ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

எங்கிருந்தாவது சொட்டுகிறதா? மொட்டைமாடி மழைக்குழாய், ஏசி தண்ணீர்க் குழாய், தொட்டி நிரம்பி வழிவது, துணி துவைக்கும் கல்லிலிருந்து வரும் சோப்புத் தண்ணீர். மழையில்லாத நாளில் பாத்தியில் ஒரே ஒரு இடம் மட்டும் ஈரமாக இருந்தால் இவற்றில் ஒன்று நிச்சயம். குழாய் முனையில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டித் திருப்பிவிட்டால் போதும்.

மண் வடிகிறதா? ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இரண்டாம் தடவை நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அடியில் ஏதோ அடைத்திருக்கிறது. நம் ஊர்ச் சரல் மண் (சிவந்த கல்மண்) பொதுவாக நன்றாக வடியும். அப்படி வடியாத இடத்தில் கம்பியால் குத்திப் பாருங்கள். ஒரு வீட்டில் அரை அடிக்குக் கீழே கம்பி "டங்" என்று நின்றது. தோண்டினால் வீடு கட்டியபோது மிச்சமான சிமெண்டு, மூட்டையோடு மழையில் நனைந்து கல்லாகக் கிடந்தது. சாக்கின் பின்னல்கூட அதன் மேல் அச்சாகப் பதிந்திருந்தது. அதன் மேலே அரை அடி மண் போட்டு நான்கு தடவை அந்தூரியம் நட்டிருக்கிறார்கள்.

உடைத்து எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டு, சரல் மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். எடுக்க முடியாத தளம் என்றால் சண்டை வேண்டாம். அதன் மேல் செங்கல் வைத்து, அடியில் ஓட்டையுள்ள குரோ பேக்கில் வளர்க்கலாம்.

தாழ்ந்த இடம், தண்ணீர் வந்து சேரத்தான் செய்யும் என்றால் ஈரம் விரும்பும் செடிக்கு மாறுங்கள். வல்லாரை, சேம்பு, ரம்பை இலை, பெரணி. இவை நான்கும் வைத்த பாத்தியில் அழுகல் என்று எனக்கு ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

பிளம்பரைக் கூப்பிட வேண்டிய நேரம்: எல்லாக் குழாயையும் திருப்பிய பிறகும் கோடையில் ஒரே இடம் ஈரமாக இருந்தால், யாரும் தண்ணீர் திறக்காத ராத்திரியிலும் மீட்டரோ தொட்டி மட்டமோ நகர்ந்தால், அல்லது அந்த ஈரத்தில் கக்கூஸ் நாற்றம் வந்தால். கடைசியில் சொன்னது செப்டிக் தொட்டியின் கசிவாக இருக்கலாம். கிணறு பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். அந்தப் பாத்தியில் கீரை இருந்தால் பறிக்க வேண்டாம்.

புது இலை வெளுத்து வருகிறது, நரம்பு மட்டும் பச்சை

நுனி இலையில் இப்படி வந்தால் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. நம் சரல் மண் சிவந்திருப்பதே இரும்பால்தான், பிறகு ஏன் பற்றாக்குறை? சுவரோரம் கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும். இரும்பு மண்ணில் இருக்கும், வேரால் எடுக்க முடியாது. தெச்சியும் கனகாம்பரமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சோதனை எளிது. சுவரை ஒட்டிய காய்ந்த மண் ஒரு கைப்பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

உடனடிக்கு, அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம், நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலையில் தெளியுங்கள். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகாது, அட்டை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். நிலையான வழி, சுவரிலிருந்து முக்கால் அடி அகலத்துக்கு மேல்மண்ணை அள்ளிவிட்டுப் புதுச் சரல் மண் போடுவதுதான்.

பழைய இலைகளில் மட்டும் நரம்புக்கு நடுவே மஞ்சள் என்றால் அது மக்னீசியம். மழை அதிகம் உள்ள நம் பக்கத்துச் சரல் மண்ணில் இது சாதாரணம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. இரண்டுக்கும் மசியவில்லை என்றால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே இலையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம்.

இலையில் வெளுத்த திட்டு, பிறகு காகிதம் போலக் காய்கிறது

பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசிக்குள் வந்தால் வெயில் சுட்டது. வடபுறப் பாத்திதானே என்று பீஸ் லில்லி, கலாத்தியா வைத்தவர்கள்தான் அதிகம் வருவார்கள். தொடக்கத்தில் சொன்ன சூரியக் கணக்கு இதற்குத்தான். இரண்டு மாதம் பச்சை வலை கட்டுங்கள். இடவப்பாதி மேகம் வந்ததும் கழற்றிவிடலாம். சுட்ட இலை மறுபடி பச்சையாகாது, ஆனால் பாதிக்கு மேல் பச்சை இருந்தால் வெட்ட வேண்டாம்.

வெயிலே இல்லாத இடத்தில் ஒரே பக்கமாகக் காய்ந்தால் ஏசி வெளிப்பெட்டியின் சூடான காற்று. அதற்கு முன்னால் எந்தச் செடியும் நிற்காது. அந்த மூன்றடியைக் கூழாங்கல் போட்டு விட்டுவிடுங்கள்.

காலையில் பார்த்தால் இலையில் ஓட்டை, அல்லது இலையே இல்லை

ராத்திரி 9 மணிக்கு டார்ச் எடுத்துப் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் பத்துக்கு எட்டு வீட்டில் ஆப்பிரிக்க நத்தைதான். மதிலின் ஈரமும் நிழலும் அதற்குச் சொந்த வீடு. மருந்து தேடும் முன் ஒன்று: வெறும் கையால் அதைத் தொடாதீர்கள். மூளை உறையைத் தாக்கும் புழு அதன் உடலிலும் சளியிலும் இருக்கக்கூடும். கையுறை, அல்லது பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

ஈரச்சாக்கை மடித்து, உள்ளே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்துப் பாத்தியின் ஓரத்தில் மாலையில் போடுங்கள். விடியற்காலையில் சாக்கின் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும். எடுத்து, உப்பை நன்றாகக் கரைத்த பக்கெட் தண்ணீரில் போட்டு, பிறகு ஆழமாகப் புதையுங்கள். உப்பைப் பாத்தியில் தூவாதீர்கள், நத்தையோடு செடியும் போகும். ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டையிடும் பிராணி இது. ஒரு வாரம் எடுத்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. மழை தொடங்கியது முதல் மூன்று நான்கு வாரம் விடாமல் எடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து எடுக்க வேண்டும். மதிலின் அந்தப் பக்கம் கட்டட இடிபாடும் வாழைச் சருகும் குவிந்திருந்தால் அங்கிருந்துதான் வருகின்றன. தெருவே நிறைந்துவிட்டால் பஞ்சாயத்துக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

நத்தை இல்லை, தண்டின் கணுவில் பஞ்சு போல வெள்ளை ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு ஏறி இறங்கினால் உறுதி. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிறகு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலுடன், வாரம் ஒரு தடவை.

செழிப்பாக இருக்கிறது, பூக்கவில்லை

செம்பருத்தி, ரோஜா, பிச்சி என்றால் அந்த இடத்தில் பூக்காது. தோவாளையில் பிச்சி திறந்த வெளியில்தான் நிற்கிறது. முற்றத்துக்கு மாற்றிவிடுங்கள். இங்கே கனகாம்பரம், அந்தூரியம், காசித்தும்பை இவற்றால் ஆகும். பூவுக்கென்று உரம் கூட்டினால் இலைதான் பெருக்கும்.

சுவரில் ஈரம் ஏறுகிறது, மண்கோடு தெரிகிறது, விரிசல் விடுகிறது

பாத்தி மண் வீட்டின் அடித்தள மட்டத்துக்கு மேலே ஏறிவிட்டதா என்று பாருங்கள். வருடா வருடம் உரமும் மண்ணும் போட்டு அது தானாக உயர்ந்துவிடும். மண்ணை வெட்டி, அடித்தளத்தின் மேல்விளிம்புக்கு அரை அடி கீழே கொண்டுவாருங்கள். சுவருக்கும் முதல் செடிக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம் வேண்டும். அந்த இடைவெளி இருந்தால் பாம்பு கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

சுவரில் விரல் அகல மண்கோடு ஏறினால் கறையான். பென்சிலால் ஒரு இடத்தில் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. கட்டிளைக்கும் (கதவு நிலைக்கும்) கதவுக்கும் போகும் முன் கறையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். கீரையும் கச்சோலமும் இருக்கும் பாத்தி என்று அவரிடம் முன்பே சொல்ல வேண்டும். மருந்து பட்ட மண்ணில் சாப்பிடும் செடி வேண்டாம்.

மதில் வெடிப்பில் முளைத்த ஆலும் அரசும் கையளவு இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். வேர் தடித்து வெடிப்புக்குள் போன பிறகு மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும், அப்போது கொத்தனார் வந்து கல்லைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். விரிசல் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அகலம் இருந்தாலோ, மதில் பாத்திப் பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ கொத்தனார் மட்டும் போதாது, கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் யாரும் குனிந்து உட்கார்ந்து களை பறிக்க வேண்டாம்.

மதில் சாயாமல் பூச்சு வேலை மட்டும் என்றால், வேலை தொடங்கும் முன்னால் செடிகளை மண்ணோடு பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றி மாமரத்தடியில் வையுங்கள். பூச்சு காயப் பத்து நாளாவது ஆகும். அந்தப் பத்து நாளும் காலையில் சாக்கின் மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், ஒன்றும் கெடாது. திரும்ப நடும் முன் கீழே சிந்திக் கிடக்கும் சிமெண்டை ஒரு பொட்டு விடாமல் பொறுக்கிவிடுங்கள்.